தெசாங்காவின் மூக்கு

நெவெனா சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது அவள் அப்பாவின் கால்கள் இரண்டும் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கறுப்புக் கால்சட்டை, காலையில் அவளே பாலிஷ் போட்டுக் கொடுத்த ஷூ. மீதி உடம்பு, பின் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் குப்புறக் கிடந்தது. கழற்றிய சீட்டை பிளம் மரத்தில் சாய்த்து வைத்து, அதன் மேல் தன் கறுப்புக் கோட்டை மடித்துப் போட்டிருந்தார்.

வீட்டின் முன்னறையில் அம்மா தெசாங்கா சவப்பெட்டிக்குள் கிடந்தாள். தெருவே வரிசையாக வந்து அவள் நெற்றியில் முத்தமிட்டு, ஆளுக்கொரு மடக்கு பிளம் சாராயம் குடித்துவிட்டு, "மிலுட்டின் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. பெண்டாட்டி செத்துக் கிடக்கிற வீட்டில் புருஷனைத் தேட வேண்டியிருக்கிறதே என்று நெவெனாவுக்கு யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"அப்பா."

"ம்."

"எல்லாரும் உங்களைத்தான் கேக்குறாங்க. பாதிரியார் இப்ப வந்துடுவாரு."

"இந்த மூடியை மட்டும் இறுக்கிட்டு வந்துடுறேன்."

"எந்த மூடி?"

"டேங்குக்கு மேல, பெட்ரோல் அளவு காட்டுற மிதவை இறங்குற ஓட்டை இருக்குல்ல, அதோட மூடி. ரப்பர் புதுசுதான் போட்டேன். ஆனாலும் ஒரு சந்தேகம்."

மிலுட்டின் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார். நரைத்த தலையில் ஒட்டடையும் சீட்டுப் பஞ்சும் ஒட்டியிருந்தன. ரெண்டு நாளாக ஒழுங்காகத் தூங்காத கண். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் உள்ள உக்காரு."

"இப்பவா அப்பா?"

"ஒரே நிமிஷம். கதவைச் சாத்திக்கோ. கண்ணாடியை இறக்காத. மூக்கால நல்லா இழு."

அவள் உட்கார்ந்தாள். அம்மா எப்போதும் உட்காரும் இடம். இழுத்துப் பார்த்தாள். பழைய துணி வாடை வந்தது, புதினா மிட்டாய் வாடை வந்தது, ஈர மண் வாடை வந்தது. பெட்ரோல் வாடை துளியும் இல்லை. அவர் வெளியே நின்று, கண்ணாடி வழியாக அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்து அவள் சொன்னாள்: "இல்லப்பா. ஒண்ணும் வரல. நீங்க சரி பண்ணிட்டீங்க."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவர் முகம் செத்துப்போயிற்று.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"லேசாக்கூட வரலியா?"

"லேசாக்கூட இல்லப்பா."

மிலுட்டின் குனிந்து திருப்புளியைப் பொறுக்கினார். "நேத்திலேர்ந்து அழுதுட்டிருக்க. உனக்கு மூக்கடைச்சிருக்கும்" என்றார். அவளிடம் சொல்வது போலவும் இருந்தது, தனக்கே சொல்லிக்கொள்வது போலவும் இருந்தது.

அவருக்குப் பெட்ரோல் வாடை தெரியாது. கல்யாணத்துக்கு முன்பே நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்து, பென்ஷன் வாங்கும் வரை அங்கேயே நின்று வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டவர். மற்ற எல்லா வாடையும் தெரியும். ரொட்டி கருகினால் தெரியும், மழை வருவது தெரியும். பெட்ரோல் மட்டும் அந்த மூக்கை விட்டு எப்போதோ போய்விட்டது. அதனால் வீட்டில் அந்த வேலையை தெசாங்கா பார்த்துக்கொண்டாள். அவர் வேலை முடிந்து சைக்கிளில் வந்து இறங்கும்போதே ஜன்னலிலிருந்து சத்தம் வரும்: "அங்கேயே கழட்டு! உள்ள வராத!" கொட்டகையில் துணியை மாற்றி, கையை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய முடியும். அன்றைக்கு டீசல் அதிகம் போட்டாரா, பெட்ரோல் அதிகம் போட்டாரா என்பதைக்கூட அவள் சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டு ஜிகாவுக்கு இதில் ஒரு நிரந்தரக் கிண்டல் உண்டு. "மிலுட்டின் கல்யாணத்துல மோதிரம் போடல, மூக்கைக் கழட்டிப் பொண்டாட்டி கையில குடுத்துட்டான்" என்பார். தெசாங்கா அதைக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பாள்.

போன பனிக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் சந்தையிலிருந்து திரும்பும்போது தெசாங்கா சொன்னாள்: "கார்ல பெட்ரோல் வாடை அடிக்குது."

மிலுட்டின் ஏன், எங்கே என்று கேட்கவில்லை. வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, அவளை இறக்கிவிட்டு முதலில் அடியில் குனிந்து பார்த்தார். ஈரம் இல்லை. சாலையில் சொட்டு இல்லை. மறுநாளே பின் சீட்டைக் கழற்றினார். பெட்ரோல் ஊற்றுகிற வாயிலிருந்து டேங்குக்குப் போகிற ரப்பர் குழாய், வளைகிற இடத்தில் வெடித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "கண்டுபுடிச்சிட்டேன் தெசா!" என்று முற்றத்திலிருந்தே கத்தினார். ஜிகா வேலிக்கு அப்பாலிருந்து வந்து மோந்து பார்த்து, "ஆமாய்யா, ஆளைத் தூக்குது" என்றார். டேங்கைத் திறந்து போட்டிருக்கும்போது தூக்காமல் என்ன செய்யும்.

புதுக் குழாய் வந்தது. கொஞ்ச நாள் தெசாங்கா சும்மா இருந்தாள். அப்புறம் மறுபடியும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்தக் காரை அவர் குடைந்து எடுத்துவிட்டார். டேங்குக்கு மூச்சுவிடும் குழாயை மாற்றினார். டிக்கி மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் வெளிப்புகை உள்ளே வரும் என்று அதை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிச் சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்துக் கழுவினார். பழைய வண்டி, எதைத் திறந்தாலும் ஏதாவது ஒரு பழுது கிடைத்தது. ஒவ்வொன்றும் இதுதான், இதுவேதான் என்று தோன்றியது. பழுது பார்த்து முடித்ததும் தெசாங்காவைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். முன் சீட்டில் ஒரு தடவை, பின் சீட்டில் ஒரு தடவை. என்ஜின் ஓடாமல், ஓடவிட்டு, டேங்கை நிரப்பி, பாதியில் வைத்து, பாலத்துத் திருப்பத்தில் வேகமாக வளைத்து. "இப்ப வருதா?" என்பார். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பார்ப்பாள். சில நாள் "இல்ல" என்பாள். சில நாள் "இப்பவும் வருது" என்பாள். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "இங்கயும் அடிக்குது மிலுட்டின்" என்றாள்.

அன்றைக்கே அவர் கொட்டகையில் மாட்டியிருந்த தன் பழைய பங்க் சட்டையை எடுத்துக்கொண்டு போய் வயலோரத்தில் வைத்துக் கொளுத்தினார். இன்னொரு நாள் கோயிலில், பூசைக்கு நடுவே, தெசாங்கா மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். மிலுட்டின் வெளியே போய், பூசை முடியும் மட்டும் பனியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். தன் தோலிலேயே ஊறிவிட்டது என்று நினைத்தார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். மாதம் ஒரு தடவை தலைநகரிலிருந்து வரும் நெவெனாவும் அப்படித்தான் நினைத்தாள். கதையைக் கேட்டுவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தாள். அந்த வீட்டில் பெட்ரோல் வாடை என்று ஒன்று வந்தால் அதற்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான். வேறு இடத்தில் தேட யாருக்குத் தோன்றும்?

பனி உருகத் தொடங்கியபோது தெசாங்கா துவைத்த துணிக் கூடையோடு முற்றத்தில் விழுந்தாள்.

பெரிய ஊர் ஆஸ்பத்திரியில், தாழ்வாரத்தில் நிற்க வைத்துத்தான் அந்த டாக்டர் நெவெனாவிடம் கேட்டார். சின்ன வயசுக்காரி, நல்ல மாதிரி. "இல்லாத வாடை ஏதாவது வருதுன்னு அம்மா சொல்லியிருக்காங்களா? ஏதோ எரியற மாதிரி, பெட்ரோல் மாதிரி?" நெவெனா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூளையில் வாடையை உணர்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் கட்டி இருக்கிறது, முதலில் இப்படித்தான் வந்து வந்து போகும் என்று டாக்டர் சொன்னார்.

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"

"அதை யாரும் உறுதியா சொல்ல முடியாது. கொஞ்ச காலம் கூடக் கெடைச்சிருக்கலாம். கெடைக்காமலும் போயிருக்கலாம்."

அவள் திரும்பினாள். அப்பா ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். காதில் விழுந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. பழத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, "வண்டியை நிழல்ல நிறுத்திட்டு வரேன்" என்று போனார். நிறுத்திய இடம் நிழல்தான்.

இதை நெவெனா தன் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஸ்தானா, அம்மாவின் அக்கா. தங்கையைத் தூக்கி வளர்த்தவள். அவள் வாயில் எதுவும் தங்காது.

திருப்புளியை வைத்துவிட்டு மிலுட்டின் கை கழுவச் சமையலறைக்குள் வந்தபோது ஸ்தானா அடுப்பின் முன் நின்று, அடக்கத்துக்குப் பிறகு பரிமாற வேண்டிய முட்டைக்கோசுச் சுருளைப் பானையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மேசையைச் சுற்றி இரண்டு பெண்கள் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கதவோரம் ஜிகா சாராயக் கோப்பையோடு நின்றார்.

"வந்துட்டியா?" என்றாள் ஸ்தானா, திரும்பாமலே. "காருக்கு இப்ப ஒடம்பு தேவலையா?"

"ஸ்தானா" என்றார் ஜிகா. "இன்னிக்கு வேணாம்மா."

"ஏன், நாளைக்குப் பேசினா அவ எந்திரிச்சு வந்துடுவாளா?" கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. "பெத்த பொண்ணு தேடுது, ஊரு தேடுது, இவரு காருக்குள்ள படுத்திருக்காரு. இன்னும் என்னத்தைத் தேடுற? அது வாடை இல்ல, வியாதின்னு டாக்டரு சொல்லியாச்சு. உன் காதுல விழலியா? பனிக்காலம் பூரா அவளக் கார்ல உக்கார வெச்சு இப்ப வருதா, இப்ப வருதான்னு கேட்டியே. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அதே கார்ல வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா?"

ரொட்டிக் கத்தி நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மிலுட்டின் அதை மூடினார். துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"வாடை இருந்துச்சு, ஸ்தானா."

"எங்க இருந்துச்சு?"

"கார்ல."

"உனக்கு வந்துச்சா?"

"எனக்கு வராதுன்னு உனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"அவளுக்கு வந்துச்சு. அவ மூக்கு ஒரு நாளும் தப்பா சொன்னதில்ல." அவர் குரல் பிசிறியது. "ஜிகா, நீயும் மோந்து பாத்தேல்ல? சொல்லு."

ஜிகா கோப்பைக்குள் பார்த்தார். "டேங்கு தொறந்திருந்தப்ப வந்துச்சுப்பா" என்றார் மெதுவாக. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நெவெனா இப்பத்தான் உக்காந்து பாத்துட்டு வந்தா" என்றாள் ஸ்தானா. "ஜன்னல்லேர்ந்து பாத்தேன். நீ சொல்லுடி. வருதா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அப்பா பார்க்கவில்லை, துண்டை மடித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடியில் நெவெனாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. காரில் வாடை இருந்தால் அவர் பெண்டாட்டி சொன்னதை நம்பிய புருஷன். இல்லாவிட்டால் அவள் தலைக்குள் கட்டி வளர்ந்துகொண்டிருந்தபோது ரப்பர் குழாய் மாற்றிக்கொண்டிருந்தவர். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் அவரால் அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க முடியவில்லை. சரி பண்ணிட்டீங்க என்று சொல்லி, தான்தான் அவரை முதலில் வெட்டினோம் என்பதும் விளங்கியது.

"எனக்கு மூக்கடைச்சிருக்கு பெரியம்மா" என்றாள்.

"மூக்கடைச்சிருக்காம்" என்றாள் ஸ்தானா. "இந்த வீட்டுல மூக்கு இருந்த ஒருத்தியும் போயிட்டா."

மிலுட்டின் துண்டை அதன் ஆணியில் மாட்டினார். "சீட்டை மாட்டணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நெவெனா தொட்டி முன் நின்று கோப்பைகளைக் கழுவினாள். தலைக்கு மேல் ஜன்னல். அப்பா பின் சீட்டைத் தூக்கி உள்ளே வைத்துப் பொருத்துவது தெரிந்தது. கையை உதறிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு கொட்டகைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் மரம் அறுக்கும் மெஷினுக்குப் பெட்ரோல் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது.

தெருப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை. பின் கதவைத் திறந்து, மண்டியிட்டு, கீழே விரித்திருந்த துணி விரிப்பில் கொஞ்சம் ஊற்றினார். மூடியைத் திருகிவிட்டுக் குனிந்து மூக்கை விரிப்பில் வைத்தார். அசையாமல் இருந்தார். நிமிர்ந்து, மூடியைக் கழற்றி, மறுபடி ஊற்றினார். மறுபடி மூக்கை வைத்தார்.

தனக்கு வராத வாடைக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

இன்னும் ஊற்றினார். இன்னும். கடைசியில் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். நெவெனாவுக்கு ஓடிப்போய்த் தடுக்க வேண்டும் என்றிருந்தது. பாவமாக இருந்தது, கோபமாக இருந்தது, இத்தனை பொறுமையாக உட்கார்ந்து மோந்து மோந்து சொன்ன அம்மாவின் மேல்கூடக் கோபம் வந்தது. கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே கழுவிய கோப்பை.

பாதிரியார் வந்தார், மழைத்தண்ணீர் சொட்டும் குடையைக் கதவோரம் வைத்துவிட்டு ஜபம் சொன்னார். மிலுட்டின் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். கோட்டு போட்டிருந்தார், தலையைக்கூட வாரியிருந்தார். மூடி வைக்கும் நேரத்தில் எல்லோரும் முத்தமிட்ட பிறகு அவர் குனிந்தார். நெற்றியில் முத்தமிடவில்லை. மூக்கின் மேல் முத்தமிட்டார். ஸ்தானா அதைப் பார்த்தாள். வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டாள்.

கல்லறை ரயில் பாதையைத் தாண்டி மேட்டில் இருந்தது. பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அது ஆள் நடக்கும் வேகத்தில் முன்னால் போகும், நடக்க முடிந்தவர்கள் பின்னால் நடப்பார்கள், முடியாதவர்களுக்குக் கார். ஸ்தானாவுக்கு முட்டி போய் வருஷக்கணக்காயிற்று. அவள் காரில்தான் வர வேண்டும். அவள் கையில்தான் செத்தவளுக்குப் படைக்கும் அவித்த கோதுமைக் கிண்ணமும் இருந்தது. கோதுமையில் நட்ட மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பிணத்தின் தலைமாட்டில் ஏற்றிய விளக்கு கல்லறை வரைக்கும் அணையாமல் போய்ச் சேர வேண்டும், நடுவில் அணைந்தால் போகிறவள் இருட்டில் போவாள் என்பது அந்தத் தெருவில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற விஷயம் இல்லை. நேற்றிலிருந்து ஒன்று தீரத் தீர அடுத்ததை அதிலிருந்தே ஏற்றி, ஸ்தானா அதைக் காத்திருந்தாள். இப்போதும் காற்றுக்கும் தூறலுக்கும் கையை மறைத்துப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் காரை நோக்கி வந்தாள்.

மிலுட்டின் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"வா ஸ்தானா. உக்காரு. நீயே பாரு."

சத்தமாகத்தான் சொன்னார். தெருவில் நின்றவர்கள் திரும்பினார்கள். வாடை அதற்குள் வாசல் வரை வந்துவிட்டிருந்தது. ஜிகா உதட்டிலிருந்த சிகரெட்டை எடுத்து ஈர மண்ணில் போட்டு, நன்றாகத் தேய்த்துவிட்டு, எங்கோ பார்ப்பது போல மரத்தைப் பார்த்தார்.

"பெரியம்மா" என்றாள் நெவெனா. "மெழுகுவத்தி..."

ஸ்தானா நின்றுவிட்டாள். காருக்கும் அவளுக்கும் இரண்டு கை தூரம்கூட இல்லை. கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள். விரிப்பு கறுத்து நனைந்து கிடந்தது. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அது இப்போது ஊற்றியது என்று. அவள் நிமிர்ந்து மிலுட்டினின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாடையை மட்டும் நினைத்தாரே ஒழிய, மெழுகுவர்த்தியை அவர் நினைத்துப் பார்த்திருக்கவே இல்லை.

நெவெனா பெரியம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் மனதில் தோன்றிய எதையும் சொல்லாமல் விட்டிராத வாய். ஒரு வார்த்தை போதும். தெரு முழுக்க நிற்கிறது. அதன் பிறகு அப்பா எந்தக் கடைக்குப் போவார், எந்த வாசலில் நிற்பார்? கடவுளே, இன்றைக்கு ஒரு நாள், இன்றைக்கு மட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

ஸ்தானா இரண்டடி பின்னால் வைத்தாள். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, சுடரைக் கிள்ளி அணைத்தாள்.

பின்னால் யாரோ ஒரு பெண் "ஐயோ" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்ன ஐயோ?" ஸ்தானா சுள்ளென்று திரும்பினாள். "கார்ல பெட்ரோல் வாடை அடிக்குது. இதை எரிய விட்டுக்கிட்டு எப்படி உள்ள உக்கார்றது? எல்லாருமா சேர்ந்து பொசுங்கிப் போறதுக்கா?" பிறகு, கடைசி வரிசையில் நின்றவனுக்கும் கேட்கும்படி: "தெசா சும்மா சொல்றவ இல்ல. அவ சொன்னா இருக்கும்."

கிண்ணத்தை நெவெனாவிடம் கொடுத்துவிட்டு, கதவு மேல் கையை ஊன்றி, முனகிக்கொண்டே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நனைந்த விரிப்பின் மேலேயே காலை வைத்துக்கொண்டாள். கிண்ணத்தைத் திரும்ப வாங்கி மடியில் வைத்தாள். திரியிலிருந்து மெல்லிய புகை ஒன்று எழுந்து அவள் முகத்துக்கு முன்னால் நின்றது.

மிலுட்டின் கதவைச் சாத்தினார். அது சரியாகச் சாத்திக்கொண்டதா என்று ஒரு தடவை தள்ளிப் பார்த்தார்.

நெவெனா அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தாள். என்ஜின் கிளம்பியது. முன்னால் பெட்டி வண்டி நகர்ந்தது, அதன் பின் பாதிரியார், அதன் பின் குடைகள். கார் அந்தக் குடைகளுக்குப் பின்னால் முதல் கியரிலேயே ஊர்ந்தது. வாடை தொண்டைக்குள் இறங்கி அடைத்தது. கண் எரிந்து நீர் வழிந்தது. பின்னால் பெரியம்மா இருமினாள், கைக்குட்டைக்குள் அடக்கிக்கொண்டாள்.

ரயில் பாதைக்கு முன்னால் கூட்டம் கொஞ்சம் நின்றது. மிலுட்டின் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"பலமா அடிக்குதா?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"அடிக்குது" என்றாள் ஸ்தானா.

"பின்னாடி அதிகமா, முன்னாடி அதிகமா?"

"பின்னாடி."

அவர் தலையசைத்தார். "அவளும் பின்னாடின்னுதான் சொல்லுவா" என்றார். "மேடு ஏறும்போது இன்னும் கூடும். டேங்குல பெட்ரோல் பின்னுக்குச் சாயும்ல."

"இருக்கும்" என்றாள் ஸ்தானா.

நெவெனாவின் கை தன்னை அறியாமல் கண்ணாடிக் கைப்பிடிக்குப் போயிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே மழை கனத்தது. குடைகள் மறுபடி நகர்ந்தன. மிலுட்டின் தன் பக்கத்துக் கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியிருப்பதைப் பார்த்தார். கைப்பிடியைச் சுற்றி அதையும் மேலே ஏற்றிவிட்டு, கியரை மாற்றினார்.